கேள்வி கேட்காத சிவப்புப் பெட்டி

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தில் கம்பி போட்டுக் கட்டியிருந்த தபால் பெட்டி போன மாதம் காணாமல் போய்விட்டது. கம்பி இறுக்கிய தழும்பு மட்டும் மரத்தில் இருக்கிறது. அதையும் பட்டை பாதி மூடிவிட்டது. கழற்றியது யார், எப்போது என்று எதிரே இருக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. "அதில் யார் சார் இப்போது கடிதம் போடுகிறார்கள்?" என்றார்.

நான் போடுகிறேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் பெரியம்மாவுக்கு மாதம் இரண்டு கார்டு. ஒரு கார்டு 50 காசு. அந்த நாணயம் இப்போது கையில் புழங்குவதில்லை என்பதால் எப்போதும் ஜோடியாகத்தான் வாங்குவேன். அவர் வீட்டில் போன் எடுக்காது. காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறினால்தான் சிக்னல். அவர் மூட்டு அதற்குச் சம்மதிக்காது. பின்கோடு எழுதிப் போட்டால் கார்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்விடுகிறது. பெரியம்மா முதலில் பார்ப்பது முத்திரையைத்தான். எந்தத் தேதியில் புறப்பட்டது, வந்து சேர எத்தனை நாள் என்று விரல் மடக்கி எண்ணிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

பழம்பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. கடிதக் காலத்தை நினைத்து இங்கே உருகுகிறவர்களில் பாதிப்பேர் தபால்தலை வாங்கி இருபது வருடம் இருக்கும். என் வருத்தம் வேறு. கவுன்டர் என்றால் நேரம் உண்டு, வரிசை உண்டு. இணையத்தில் மனுப் போட்டால் போன் நம்பர், அதற்கு வரும் ஓடிபி. பெட்டி எதையும் கேட்காது. சாக்கடை அடைத்திருக்கிறது என்று கலெக்டருக்கு எழுதுகிறவரும், வீட்டுக்குத் தெரியாமல் அம்மாவுக்கு எழுதுகிற மருமகளும் இரவு பதினொரு மணிக்குக்கூடப் போட்டுவிட்டு வரலாம். அப்படி ஒரு வாசல் அரசாங்கத்துக்கு வேறு எங்கே இருக்கிறது?

கடிதம் விழுவதில்லை, அதனால் பெட்டி எதற்கு என்பார்கள். எங்கள் பெட்டியில் தபால் எடுக்கும் நேரம் எழுதும் இடம் வருடக்கணக்காக வெறும் சிவப்பாகவே இருந்தது. எடுக்கிறார்களா என்றே தெரியாத பெட்டியில் யார் போடுவார்கள்? 1852இல் ஜெர்சி தீவில் பிரிட்டிஷார் தெருவில் பெட்டி நட்டதே, கடிதம் போட ஜனங்கள் தபால் ஆபீஸ் வரை அலையக் கூடாது என்றுதான். நாம் திரும்ப அலைய விடுகிறோம்.

இந்த மாதக் கார்டு இரண்டும் சட்டைப் பையில் கிடந்து ஓரம் மடங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பெரியம்மா வாங்கிக்கொள்வார். திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை எங்கே என்று கேட்பார்.