மதிப்பெண்ணைச் சொன்னால் போதுமா?

நினைவாற்றல் சோதனை செய்ய எனக்கு அணு அணுவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சொற்களை எந்த வேகத்தில் படிப்பது, கடிகாரம் வரைந்தால் எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை, எல்லாம். முடிவை எதிரில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு வகுப்புகூட இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவின் முடிவை "30க்கு 19" என்று அவருடைய மகனிடம் சொன்னேன். அம்மா பக்கத்திலேயே இருந்தார். எழுந்து போகும்போது மகனிடம், "நான் ஃபெயிலாப்பா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆளாக நான் நடந்துகொள்ளவில்லை.

அந்த 19 தனியாக எதையும் சொல்லாது. மோகா (MoCA) என்ற, 30 மதிப்பெண்ணுக்கான இந்த நினைவாற்றல் சோதனையில் 26ம் அதற்கு மேலும் இயல்பு என்பார்கள். 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். காது சரியாகக் கேட்காவிட்டாலும், மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி12 குறைவு, சில மாத்திரைகள் என்று எது இருந்தாலும் மதிப்பெண் இறங்கும். லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது நினைவும் சிந்தனையும் சற்றுத் தளர்ந்த நிலை, உள்ள எல்லோருக்கும் டிமென்ஷியா (மறதி நோய்) வருவதில்லை. சிலர் இயல்புக்கே திரும்புகிறார்கள். இதையெல்லாம் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், குடும்பம் அன்றிரவே மிக மோசமான முடிவுக்கு வந்துவிடும்.

கெட்ட செய்தி சொல்ல, புற்றுநோய் மருத்துவர்களுக்கு 2000லேயே ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை வந்துவிட்டது. நமக்கும் அது உதவும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் கூடுதல்: எந்த நினைவு தளர்ந்திருக்கிறதோ, நாம் சொல்வதை அந்த நினைவுதான் பிடித்து வைக்க வேண்டும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு விஷயம், சின்ன வாக்கியம், கையில் எழுதிக் கொடுத்த ஒரு தாள். "புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் அவருக்கு அது இன்னொரு பரீட்சை. "நான் தெளிவாகச் சொன்னேனா தெரியவில்லை, வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் இளகும்.

"அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்று கெஞ்சும் பிள்ளைகள்தான் மிகக் கடினம். அவர்கள் பயத்தை முதலில் கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், யார் கூட இருக்கலாம் என்பதை அப்பாவிடமே சோதனைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இது சொற்பொழிவில் வராது. நடித்துப் பழக வேண்டும், ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். என் ஜூனியர்களில் ஒருவரை நோயாளியாகவும் இன்னொருவரை மகளாகவும் உட்கார வைக்கிறேன். முடிவைச் சொல்பவரின் கண் ஐந்தாவது நிமிடத்தில் மகள் பக்கம் போய்விடும். நிறுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.