புற்றுநோய்க்கு ஒரு சமூகப் பணியாளர் வேண்டும், அதுவும் மலை மேலேயே

மருத்துவமனையில் சமூகப் பணியாளர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்பவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு. சில இடங்களில் அவரைக் காப்பீட்டு கவுன்டரில் ஃபாரம் நிரப்ப உட்காரவைத்துவிடுகிறார்கள். அதற்கு எதற்கு இரண்டு வருட எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலைப் படிப்பு? ஆரம்பித்த சிகிச்சை பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் புற்றுநோய்ப் பிரிவில் அவருடைய முதல் வேலை.

கருப்பைவாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வாரம் ஐந்து நாள் வீதம் 25 தடவை கரண்ட் (கதிர்வீச்சு), வாரம் ஒரு கீமோ, பிறகு உடம்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு கூடும். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துவைத்தால் சரியாகிவிடாது.

இதை நீலகிரி மலையில் பந்தலூர் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குப் பொருத்திப் பாருங்கள். கரண்ட் வைக்கக் கோவைக்கு இறங்கினால் போகவே அரை நாள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு பிடிக்கும். அந்த வயிற்றோடு பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் எப்படி உட்காருவது? சனிக்கிழமை வீட்டுக்கு ஏறியவர் திங்கட்கிழமை இறங்க மாட்டார். கேஸ் ஷீட்டில் "நோயாளி வரவில்லை" என்று ஒரு வரி விழும், அவ்வளவுதான்.

வேலை தெரிந்த சமூகப் பணியாளர் கரண்ட் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவார்: ஐந்து வாரம் எங்கே தங்கப்போகிறீர்கள், கூட யார், பிள்ளைகளுக்குச் சமைப்பது யார், கூலி நின்றால் குழுக் கடன் தவணையை யார் கட்டுவது, ரேஷன் கார்டில் உங்கள் பேர் இருக்கிறதா?

கடைசிக் கேள்வியில்தான் ஆள் சிக்குவார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகி வந்தவரின் பேர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டில் இருக்கும். ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கும். சிகிச்சை தொடங்கும் அன்றைக்கு இது தெரியவந்தால் ஒரு வாரம் போச்சு. பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே முடிக்கக்கூடிய வேலை இது. வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம் எல்லாம் மலையில்தானே இருக்கின்றன? கோவையில் உட்கார்ந்திருப்பவர் போனிலேயே இதை முடிக்க முடியாது. அதனால்தான் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே முழு நேரமாக ஒருவர் வேண்டும் என்கிறேன். யார் எந்தத் தேதிக்குப் போகவில்லை என்ற பட்டியல் தினமும் அவர் மேஜைக்கு வர வேண்டும்.

போன் நம்பர் இரண்டு வாங்க வேண்டும். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதி நேரம் சிக்னல் இருக்காது. இரண்டாவது நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால், நோயின் பேரைச் சொல்லாமல் சேதி மட்டும் சொல்ல நோயாளியிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட வேண்டும். பணியர் என்ற பழங்குடிப் பெண்ணிடம் பணியர் மொழியில் பேச ஆள் தேவை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பழக்கியிருக்கிறது. அந்த வழி இங்கேயே இருக்கிறது.

இன்னொன்று காய்ச்சல். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது 100.4 டிகிரி வந்தாலே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலைக் குளிரில் காய்ச்சல் சகஜம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவார்கள். காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. ஒரு தெர்மாமீட்டரும், மருந்தின் பேரும் ஏற்றிய தேதியும் எழுதிய சீட்டும் கையில் இருந்தால் டூட்டி டாக்டருக்கு உடனே விஷயம் புரிந்துவிடும். இவ்வளவு மலிவாக உயிர் காக்கும் வேலை வேறு உண்டா தெரியவில்லை!

வாய்ப் புற்றுநோய் என்றால் கரண்டுக்கு முன்பே சொத்தைப் பல்லைப் பிடுங்கி, புண் ஆற இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே அரித்துப்போகலாம். பல் டாக்டர் தேதியையும் கரண்ட் தேதியையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

குணமாகாது என்று தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை வழக்கமாக 4 மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலமிளக்கி. எல்லா மெடிக்கலிலும் மார்ஃபின் கிடைக்காது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் குழுவுக்குப் பேரும் ஊரும் போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் யாருக்காவது சந்தேகம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் நாளே "எம்.எஸ்.டபிள்யூ. யாருங்க?" என்று கேளுங்கள். காப்பீட்டு கவுன்டரைக் கைகாட்டினால், அது இல்லை என்று சொல்லி மறுபடியும் கேளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பயாப்சி ரிப்போர்ட் மூன்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் பையில் இருக்கட்டும்.