ஆபத்தில் மூளை வேகமெடுக்கிறதா?

“விபத்து நொடியில் மூளை பல மடங்கு வேகமாகிறது, அதான் எல்லாம் ஸ்லோ மோஷனில் தெரிகிறது, சுதாரிக்க நேரம் கிடைக்கிறது” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் டேவிட் ஈகிள்மன் குழு இதைச் சோதித்தே பார்த்தது. 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை மல்லாக்க வலையில் விழவைத்தார்கள், கயிறுகூட இல்லாமல். மணிக்கட்டுக் கருவியில் எண்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மினுக்கின. மூளை வேகமெடுத்திருந்தால் படித்திருப்பார்கள். தரையில் படித்ததற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. ஆனால் மற்றவர் விழுந்த நேரத்தைவிடத் தங்களுடையதைச் சராசரியாக 36 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிவதால், பின்னால் யோசிக்கும்போது நீண்டதாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

இந்த ஆய்வை 2007 ‘பிளாஸ் ஒன்’ அறிவியல் இதழில் இலவசமாகவே படிக்கலாம். வண்டி ஓட்டும் பிள்ளைகள் அந்தச் செய்தியை நம்பிவிடக் கூடாது. தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.