'அம்மா வந்திருக்கா'ன்னு சொல்றதுல என்ன இருக்கு

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு சண்ட. மாமா பையனோட மகனுக்கு ஆறு வயசு, உடம்பெல்லாம் கொப்புளம். அவங்கம்மா "தம்பிக்கு சிக்கன்பாக்ஸ், யாரும் வீட்டுக்கு வராதீங்க"ன்னு போட்டுச்சு. ரெண்டு நிமிசத்துல எங்க பெரியத்த வாய்ஸ் நோட் அனுப்பிட்டாங்க, "அப்படிப் பேரச் சொல்லாத தாயி, அம்மா வந்திருக்கான்னு சொல்லு". அவ்ளோதான், குரூப் ரெண்டாப் பிரிஞ்சுருச்சு. ஒரு பக்கம், இந்தக் காலத்துலயும் மூடநம்பிக்கையா, அது ஒரு வைரஸ்ங்கறாங்க. இன்னொரு பக்கம், நம்ம முன்னோர் முட்டாள் இல்ல, வேப்பிலை கிருமிநாசினின்னு அறிவியலே சொல்லுதுங்கறாங்க. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போச்சு. நான் எதுவும் எழுதல. குரூப்ல எழுதுனா நாலு வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க, அதனால இங்க எழுதுறேன்.

ரெண்டு பக்கமும் பேசுனது மருத்துவம். பெரியத்த பேசுனது ஒரு சொல்லப் பத்தி. அத யாருமே கவனிக்கல.

பொருள் எல்லாம் ஏற்கனவே தனித்தனியா பிரிஞ்சு கிடக்கு, நம்ம போயி ஒவ்வொண்ணு மேலயும் பேர்னு ஒரு லேபிள் ஒட்டுறோம், லேபிள மாத்துனா பொருளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்ம எல்லாரும் உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டு இருக்கோம். ஜெனீவாவுல பாடம் நடத்துன மொழியியல் அறிஞர் சொசூர் இத மறுத்தாரு, மொழி வெறும் பேர்ப் பட்டியல் இல்லன்னாரு. அவர் 1913ல செத்துப்போனதுக்கப்புறம் 1916லதான் அந்தப் பாடங்கள் புத்தகமா வந்துச்சு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் வெளிப்படையாத் தெரியாதுன்னு நம்ம தொல்காப்பியரும் உரியியல்ல சொல்லி வச்சிருக்காரு, "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா"ன்னு. இதெல்லாம் படிச்சப்ப எனக்குப் பெருசா ஒட்டல. அம்மைங்கற ஒரே ஒரு சொல்ல எடுத்து வச்சு யோசிச்சப்பதான் ஒட்டுச்சு.

பாருங்க, பெரியம்மையும் சின்னம்மையும் வேற வேற வைரஸ், ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாது. பெரியம்மை ஆளக் கொன்னுச்சு, பொழச்சாலும் மூஞ்சி முழுக்கத் தழும்பு, சில பேருக்குக் கண்ணே போச்சு. சின்னம்மை பெரும்பாலான புள்ளைங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல எறங்கிரும். நம்ம மொழி இந்த ரெண்டையும் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே பேருக்குள்ள வச்சிருச்சு, தட்டம்மையையும் அதே வீட்டுலதான் சேத்துச்சு.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். அக்கி. இடுப்புல, நெஞ்சுல, ஒரு பக்கமா மட்டும் பட்டையா கொப்புளம் வரும், நெருப்பு வச்ச மாதிரி எரியும். அது சின்னம்மையோட அதே வைரஸ்தான். சின்ன வயசுல அம்மை போட்டு எறங்குனதும் அந்த வைரஸ் உடம்ப விட்டுப் போறதில்ல, நரம்பு முடிச்சுல போயி ஒளிஞ்சுக்கும், முப்பது நாப்பது வருசம் கழிச்சு உடம்பு தளர்ற நேரம் பாத்து சில பேருக்கு அக்கியா வெளிய வரும். ஆனா நம்ம ஊர்ல அக்கிய யாராச்சும் அம்மான்னு சொல்லிக் கேட்டுருக்கீங்களா? அதுக்கு வேப்பிலை கட்ட மாட்டாங்க, தலைக்குத் தண்ணி ஊத்துற கணக்கு கிடையாது, கோயிலுக்குக் கூழ் ஊத்துறதா நேந்துக்க மாட்டாங்க. அக்கிக்கு எழுதணும். மண்பானை செய்யிற குயவர் வீட்டுக்குப் போகணும், அவர் காவிய நீர்ல கொழச்சு கொப்புளத்து மேல எழுதுவாரு. எங்க ஊர்ல இன்னமும் "அக்கி எழுதப் போயிருக்காக"ன்னுதான் சொல்லுவாங்க.

ஆக ஒரே வைரஸ், ரெண்டு பேரு. ஒரு பேரு வந்தா வாசல்ல வேப்பிலை, இன்னொரு பேரு வந்தா குயவர் வீடு. வைரஸ் ரெண்டா இருக்கற எடத்துல மொழி ஒண்ணாப் பாத்துச்சு, ஒண்ணா இருக்கற எடத்துல ரெண்டாப் பாத்துச்சு. நம்ம கையும் காலும் வைரஸ் பின்னாடி போகல, பேரு பின்னாடிதான் போச்சு. இது அறிவில்லாம பண்ணுனதுன்னு நான் சொல்ல மாட்டேன். நுண்ணோக்கி இல்லாத காலத்துல கண்ணு எதப் பாத்துச்சோ அத வச்சுத்தான் பிரிச்சாங்க, உடம்பு முழுக்க வந்தா ஒரு பேரு, ஒரு பக்கம் பட்டையா வந்தா இன்னொரு பேரு.

அம்மான்னு சொன்னதும் என்னென்ன மாறுதுன்னு பாருங்க. கொப்புளம் கொப்புளமா இருக்காது, முத்து ஆயிரும். "எத்தன முத்து போட்டுருக்கு?"ன்னுதான் கேப்பாங்க. படுத்திருக்கறது நோயாளி இல்ல, அம்மா வந்து தங்கியிருக்கற ஒடம்பு. அதனால அந்தப் புள்ள மேல யாரும் அருவருப்புப் பட முடியாது. திட்ட முடியாது. வீட்டுல சத்தமாப் பேசக்கூடாது, தாளிக்கக் கூடாது, வேத்தாளு வரக்கூடாது, துணி சுத்தமா இருக்கணும், இளநி, மோரு, கூழு, நுங்குன்னு குளிர்ச்சியா குடுக்கணும். இதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, அம்மாங்கற அந்த ஒரு சொல்லுக்குள்ளயே எல்லாம் இருக்கு. நன்னூல்ல மங்கலம்னு ஒரு வழக்கு வரும், கெட்டதா ஒலிக்கறத நல்ல சொல்லால சொல்றது. சுடுகாட்ட நன்காடுங்கறது, விளக்க அணைன்னு சொல்லாம குளிர வைன்னு சொல்றது. கறுப்பு ஆட்டக்கூட வெள்ளாடுன்னு சொல்றதுக்கு இதத்தான் காரணமா காட்டுவாங்க. ஸ்கூல்ல இத ரெண்டு மார்க்குக்குப் படிச்சோம், பயத்த மறைக்கறதுக்கான அலங்காரம்னு நெனச்சோம். அம்மை விசயத்துல அது அலங்காரம் இல்ல, வீட்டுல யார் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற சட்டம்.

வாசல்ல கட்டுற வேப்பிலையும் அப்படித்தான், அது மருந்தா இல்லையான்னு சண்டை போடுறவங்க அது ஒரு எழுத்துங்கறத மறந்துடுறாங்க. படிக்கத் தெரியாத தெருவுல எல்லாருக்கும் படிக்கத் தெரிஞ்ச எழுத்து. அந்தக் கொத்தப் பாத்தா பால்காரர் வெளியவே நிப்பாரு, புள்ளத்தாச்சி பொண்ணு அந்தத் தெரு வழியாவே போகாது. புறநானூறு 281ஆவது பாட்டு அரிசில் கிழார் பாடுனது. போர்ல புண்பட்டு வந்த கணவனக் காப்பாத்த ஒரு பொண்ணு தோழியக் கூப்புடுறா, இரவந்தழையோட வேம்பையும் வீட்டுல செருகுவோம், ஐயவிங்கற வெண்கடுகத் தூவுவோம், நறும்புகை போடுவோம் வான்னு. "வேம்பு மனைச் செரீஇ"ன்னு வரும். ஏறத்தாழ ரெண்டாயிரம் வருசம், அதே எலை, அதே வாசல். அதே வேப்பம்பூவத்தான் பாண்டியன் போருக்கு மாலையாச் சூடுனான், அதே பூவத்தான் சித்திரை ஒண்ணுல பச்சடியில போட்டுத் திங்கிறோம். இலையில என்ன சத்து இருக்குன்னு மட்டும் பாத்தா இந்த மூணும் வெளங்காது. எங்க வச்சிருக்கு, யாரு வச்சாங்க, யாரு பாக்குறாங்கங்கறதுல இருக்கு அர்த்தம்.

ஆனா இந்த எழுத்து தப்பும் பண்ணும், அதையும் சொல்லியாகணும். சின்னம்மை கொப்புளம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முந்தியே அடுத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சிரும். நம்ம முத்தப் பாத்துட்டு வேப்பிலை கட்டுறப்ப பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஏற்கனவே போயிருக்கும். அத விட மோசம், அம்மான்னு சொல்லிட்டா ஊசி போடக்கூடாது, மருந்து குடுத்தா அம்மா கோவிச்சுக்குவாங்கற பயம். இது எங்க வீட்டுலயே நடந்துச்சு.

எங்க சித்தப்பாவுக்கு நாப்பத்தி ரெண்டு வயசுல சின்னம்மை. பெரியவங்களுக்கு வந்தா நுரையீரலத் தாக்கலாம்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. நாலாவது நாள் மூச்சு வாங்குது, பேசவே முடியல. அப்பத்தா வாசல்ல உக்காந்துக்கிட்டு அசைய மாட்டேங்குது. "அம்மா எறங்குற நேரம், ஊசி போட்டா உக்கிரமாயிருவா". எங்கப்பா கத்துறாரு, வைரஸ்ங்கறாரு, நிமோனியாங்கறாரு, அப்பத்தாவுக்கு அது எதுவுமே சொல்லாவே கேக்கல. அப்ப எங்க தெருவுல இருந்த ஒரு நர்ஸ் அக்காவக் கூட்டிட்டு வந்தோம். அவங்க முதல்ல செருப்பக் கழட்டிட்டு வேப்பிலையத் தொட்டுக் கும்புட்டாங்க. சித்தப்பா நெஞ்சுல கருவிய வச்சுப் பாத்துட்டு அப்பத்தா பக்கத்துல உக்காந்து சொன்னாங்க, "ஆத்தா, அம்மா எறங்கிட்டா, முத்து எல்லாம் வாடிருச்சு பாரு. நெஞ்சுல இருக்கறது அம்மா இல்ல, சளி. சளிக்குத்தான் மருந்து". அப்பத்தா ஒரு நிமிசம் அவங்க மூஞ்சியவே பாத்துச்சு. அப்புறம் எந்திரிச்சு "கூட்டிட்டுப் போ தாயி"ன்னுச்சு.

அன்னிக்கு சித்தப்பா பொழச்சதுக்கு ஆஸ்பத்திரி ஒரு காரணம், அந்தப் பேச்சு இன்னொரு காரணம். அப்பா சொன்ன நிமோனியாவும் அக்கா சொன்ன சளியும் ஒண்ணுதான், ஆனா அப்பா அப்பத்தாவோட சொல்ல ஒடைக்கப் பாத்தாரு, அக்கா அந்தச் சொல்லுக்குள்ள போயி ஒரு கோடு கிழிச்சாங்க, இதுவரைக்கும் அம்மா, இதுக்கு மேல சளின்னு. அது பொய்யின்னு சிலர் சொல்லுவீங்க. முத்து வாடிருந்துச்சு, நெஞ்சுல சளி இருந்துச்சு, அதுல எது பொய்?

இது புதுசும் இல்ல. கோமசூரி ஊசி, அதாவது பசு அம்மையில இருந்து எடுத்த தடுப்பூசி, மெட்ராஸுக்கு வந்த புதுசுல சனங்க வாங்கிக்கத் தயங்குனாங்க. இங்க கலெக்டரா இருந்த எல்லிஸ்ங்கற வெள்ளைக்காரர், திருக்குறள்ல ஒரு பகுதிய இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தாரே அவர்தான், அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கற மாதிரி ஒரு புராணக் கதையே எழுதுனாரு, இந்த மருந்தும் பசு குடுத்த வரம்தான்னு. அது எனக்கு நெருடத்தான் செய்யுது, ஏன்னா அவருக்கு அதுல நம்பிக்கை இல்ல, சனங்கள நம்ப வைக்க ஒரு பழைய ஏடு மாதிரி ஜோடிச்சாரு. நர்ஸ் அக்கா கும்புட்டது அப்படி இல்ல, அவங்களும் அதே மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறவங்க. கேக்கறவங்க சொல்லுல பேசுறதும் கேக்கறவங்கள ஏமாத்துறதும் ஒண்ணில்ல. சுகாதாரத் துறையில வேலை பாக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சா அந்த வித்தியாசத்த மட்டும் மனசுல வச்சுக்கங்க.

பெரியம்மை இந்தியாவுல 1975 மே மாசத்தோட முடிஞ்சிருச்சு, 1980ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சாங்க. கடைசி வருசங்கள்ல சுகாதார ஊழியருங்க வீடு வீடா ஒரு அட்டைய எடுத்துட்டுப் போவாங்க, பெரியம்மை வந்த ஒரு கொழந்தையோட படம். ஊருக்கு ஒரு பேரு இருக்கும்போது பேரக் கேட்டா தப்பாயிரும், அதனால படத்தக் காட்டிக் கேட்டாங்க, இப்படி யாருக்காச்சும் இருக்கான்னு. நோய் போயி அம்பது வருசமாச்சு, சொல்லு போகல. இன்னிக்கு சின்னம்மைக்கு நம்ம படுற பயம் முக்காவாசி பெரியம்மை விட்டுட்டுப் போன பயம்தான்னு எனக்குத் தோணுது. 2022ல இன்னொரு நோய் பல நாட்டுல பரவுனப்ப நம்ம பத்திரிகைங்க அதுக்குக் குரங்கம்மைன்னு எழுதுனாங்க, பழைய வீட்டுல இன்னொரு ஆளச் சேத்தாச்சு. அந்தப் பேரு நோயாளிகள இழிவு பண்ணுதுன்னு உலக சுகாதார நிறுவனம் அதே வருசம் நவம்பர்ல மங்கிபாக்ஸ்ங்கற இங்கிலீஷ் பேர எம்பாக்ஸ்னு மாத்துச்சு, தமிழ்ல இன்னும் குரங்குதான் நிக்கிது. இதுல எனக்கு உண்மையாவே கோவம். ஒரு நோய்க்கு அம்மான்னு பேரு வச்ச மொழி இது, அடுத்து வந்த நோய்க்கு யோசிக்காம ஒரு மிருகத்தோட பேர அப்படியே மொழிபெயர்த்து ஒட்டலாமா? அந்தப் பேரோட ஆஸ்பத்திரி வரிசையில நிக்கப்போற மனுசன ஒரு நிமிசம் நெனச்சிருந்தா வச்சிருக்க மாட்டோம்.

பெரியத்தைக்கு நேத்து போன் பண்ணேன். குரூப்ல எல்லாரும் சேந்து பேசிட்டாங்களேன்னு வருத்தமா இருந்தாங்க. "நான் டாக்டர்ட்ட போகாதன்னா சொன்னேன்? புள்ள காதுல விழுற மாதிரி வியாதி வியாதின்னாதீங்கன்னேன், அவ்ளோதான்"னாங்க. அது நிஜம், வாய்ஸ் நோட்ட மறுபடி கேட்டேன், டாக்டர் பத்தி ஒரு வார்த்த கூட இல்ல.

தம்பிய ஏற்கனவே டாக்டர்கிட்ட காட்டிட்டாங்க, காய்ச்சல் விட்டுருச்சு, முத்து எல்லாம் காஞ்சுருச்சு. நாளைக்கு மூணாவது தண்ணி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வச்ச தண்ணி. நுங்கு வாங்கிட்டுப் போகணும். எனக்கு ஏழு வயசுலயே அம்மா வந்து போயிட்டா, அதனால நான் போலாம்.