‘யு.எஸ்.எஸ். சேலம்’ நம்ம ஊர்க் கப்பல் இல்லை

“அமெரிக்கக் கடற்படையில் நம் சேலத்தின் பெயரில் ஒரு சின்ன பீரங்கிப் படகு, கஞ்சமலை இரும்பில் கட்டியது” என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. படம் அசல்தான். கூடவே வரும் கதை பொய்.

அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தின் பெயர் தாங்கிய கப்பல். அதே மாநிலத்தின் குயின்சியில், பெத்லஹேம் ஸ்டீல் தளத்தில் கட்டினார்கள். நம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியது 1970-ல். கப்பலோ 1949-லேயே பணிக்கு வந்துவிட்டது. கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது உண்மை. அதற்காக இதையும் கணக்கில் சேர்க்க முடியாது.

படகு என்பதும் தவறு. 218 மீட்டர் நீளமுள்ள கனரகக் குரூசர் இது, அதாவது பெரிய பீரங்கிகள் கொண்ட பெரிய போர்க்கப்பல். மூன்று சுழல்மேடைகளில் ஒன்பது 8 அங்குலப் பீரங்கிகள். குண்டு ஒன்று சுமார் 152 கிலோ. நிரப்புவது தானியங்கி முறை என்பதால் ஒரு குழல் நிமிடத்துக்கு 10 முறை வரை சுடும். அன்று அது பெரிய விஷயம்.

இத்தனை இருந்தும் போரில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. மத்தியதரைக் கடலில் 6-வது கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலாக இருந்தது. 1953 ஆகஸ்டில் கிரீஸின் அயோனியன் தீவு நிலநடுக்கத்தில் நிவாரணம் கொண்டுபோனது. 1959 ஜனவரியில் ஓய்வு. இப்போது அருங்காட்சியகம்.

படம் வந்தால் முகப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெள்ளை எழுத்தில் 139 இருந்தால் இதே கப்பல்தான்.