வாசலில் வந்து கொடுக்கத் தெரிகிறது, வந்து எடுக்கத் தெரியாதா?

பன்னிரண்டு நாளாக எங்கள் வீட்டு நடையில் ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு. இடது கால் ஆறாம் நம்பர், வலது கால் எட்டாம் நம்பர். அம்மாவுக்கு முழங்கால் வலி. மெத்தென்று இருக்கிற செருப்புதான் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்காக ஆன்லைனில் தேடி 849 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்குவதற்கு முன்னால் நான் பார்த்தது இரண்டே விஷயம். அடிமெத்தை எவ்வளவு கனம் என்று பார்த்தேன். விலைக்குக் கீழே பச்சை எழுத்தில் இருந்த வரியைப் பார்த்தேன்: ஏழு நாளுக்குள் இலவசமாகத் திருப்பித் தரலாம்.

அந்த வரி இல்லாவிட்டால் நான் வாங்கியே இருக்க மாட்டேன். ஃப்ரீ ரிட்டர்ன் எல்லாம் அவ்வளவு பெரிய விஷயமா என்று சென்னையில் இருக்கிற என் சித்தி மகன் கேட்கிறான். பெரிய விஷயம்தான். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிற எங்களுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். செருப்பைக் காலில் மாட்டி நாலு எட்டு நடந்து பார்க்க முடியாது. துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. விற்கிறவர் முகம் தெரியாது, அவர் ஊர் எதுவென்று தெரியாது. சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்கிற ஒரே நம்பிக்கையில் பணத்தைக் கட்டுகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இந்த ஆன்லைன் கடைக்காரர்கள் காசாக்குகிறார்கள். காசாக்கிவிட்டுக் காப்பாற்றவில்லை. என் ஆத்திரம் அதில்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். செருப்பு வந்த அன்று ராத்திரியே ரிட்டர்ன் போட்டுவிட்டேன். இரண்டு செருப்பின் அடியிலும் இருக்கிற நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து ஏற்றினேன். நாளை மறுநாள் ஆள் வருவார் என்று குறுஞ்செய்தி வந்தது. அம்மா அன்றைக்குக் காலை பத்து மணிக்கே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நூறு நாள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட அம்மா திண்ணையிலேயே வைத்துச் சாப்பிட்டாள், பையன் வந்து கூப்பிட்டுக் காதில் விழாமல் போய்விடக்கூடாதே என்று. சாயங்காலம் நாலேகாலுக்கு என் போனில் செய்தி வருகிறது: எடுக்க வந்தோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, நான் இங்ஙனதான இருக்கேன். நம்ம வீட்டுல ஆளு இல்லன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? எழுபது வயது மனுஷி வாசலை விட்டு எழுந்திருக்காமல் காத்துக் கிடந்தாள். அவள் வீட்டிலேயே இல்லை என்று எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் பதிவு போடுகிறார். அந்தப் பொய்யைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை என்று போடுங்கள். ஆள் இல்லை, வண்டி இல்லை, உங்கள் ஊர் தூரம் என்று போடுங்கள். எங்கள் மேல் ஏன் பழியைப் போடுகிறீர்கள்?

இதே மாதிரி மூன்று தடவை. மூன்றாவது தடவை இன்னும் மோசம். 'வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. நான் எப்போது கேட்டேன்? யாரிடம் கேட்டேன்? அதற்குள் ஏழு நாள் முடிந்துவிட்டது. ஆப்பில் ரிட்டர்ன் பொத்தானையே காணவில்லை. கெடுவைத் தள்ளித் தள்ளிக் கழித்தது அவர்கள். கெடு முடிந்துவிட்டது என்று சொல்வதும் அவர்களே.

இதற்கிடையில் நான்காம் நாள் வேறு ஒரு பார்சலோடு அந்த டெலிவரி தம்பி எங்கள் தெருவுக்கு வந்தான். மறித்து நிறுத்திக் கேட்டேன். "எக்கா, எம்மேல கோவப்படாதீய. எனக்கு அந்த ரிட்டனே வரல. மேல இருந்தே கேன்சல் போட்டுருதாங்க" என்றான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. வண்டிக்கு முன்னும் பின்னும் மூட்டை. எங்கள் ஊரை முடித்துவிட்டு இன்னும் நாலு ஊர் போக வேண்டும் என்றான். கொடுக்கிற பார்சல் என்றால் கையில் கொடுத்து ஓடிபி வாங்கிவிட்டுக் கிளம்பலாம். ரிட்டர்ன் எடுப்பது அப்படி இல்லை. பெட்டியைப் பிரித்து, போனில் இருக்கிற படத்தோடு பொருளை ஒத்துப் பார்த்து, டேக் இருக்கிறதா என்று தேடி, போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். எங்கள் தெருவில் டவர் கிடைக்காவிட்டால் அதுவும் நடக்காது. இவ்வளவு வேலைக்கு அவனுக்குத் தனி ஆள் கொடுத்தார்களா, தனி நேரம் கொடுத்தார்களா? ஆகையால் அந்தத் தம்பியைத் திட்டி இங்கே யாரும் எழுத வேண்டாம். எங்கள் ஊருக்கும் ரிட்டர்ன் உண்டு என்று பச்சை எழுத்தில் எழுதினார்களே, கேள்வி அவர்களுக்குத்தான்.

வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றிவிட்டு, கடைசியில் வந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். உங்கள் பகுதியில் திரும்ப எடுக்கும் வசதி இல்லை, நீங்களே கூரியரில் அனுப்பிவிடுங்கள் என்றார். கூரியர் செலவில் நூறு ரூபாய் வரைக்கும் ஆப்பில் இருக்கிற கணக்கில் ஏற்றிவிடுவார்களாம். கையில் தர மாட்டார்கள். மறுபடியும் அவர்களிடமே ஏதாவது வாங்கித்தான் அதைக் கழிக்க வேண்டும்.

இந்தச் செலவைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கூரியர் ஆபீஸ் இருப்பது அம்பாசமுத்திரத்தில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஆனால் அந்த பஸ் வர வேண்டுமே. போக, காத்திருக்க, வர என்று அரை நாள் போய்விடும். பிசான நெல் நடவு நடக்கிற நேரம். இங்கே அரை நாள் என்பது யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. ஏற்கெனவே மூன்று நாள் வீட்டிலேயே காத்துக் கிடந்தாயிற்று. அந்த மூன்று நாள் கூலி, கூரியர் காசு, இந்த அரை நாள் எல்லாம் சேர்த்தால் செருப்பு விலையைத் தாண்டிவிடும். இதற்குப் பெயர் இலவசமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இலவசம் அவர்கள் கைக்காசிலிருந்து வருகிற தர்மம் கிடையாது. திரும்பி வருகிற பொருளுக்கு ஆகும் வண்டிக்கூலியை விலையில் ஏற்றித்தான் விற்கிறார்கள். அப்படி ஏற்றாமல் எந்த வியாபாரியாலும் தாக்குப்பிடிக்க முடியாது. சித்தி மகன் அதே ஆப்பில் அதே விலைக்கு வாங்குகிறான். வேளச்சேரியில் அவன் ரிட்டர்ன் போட்டால் மறுநாள் மத்தியானத்துக்குள் ஆள் கதவைத் தட்டுகிறார். அவன் கொடுத்த 849 ரூபாயும் நான் கொடுத்த 849 ரூபாயும் ஒன்றுதானே? வேளச்சேரியில் ரிட்டர்ன் எடுக்க ஆகிற செலவில் எங்கள் பங்கும் இருக்கிறது. எங்கள் வாசலுக்கு மட்டும் ஆள் வருவதில்லை.

என்னுடையதாவது செருப்பு. பக்கத்து வீட்டு மைனிக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. மைனி சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறவள். மகளுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காக ஒரு பாவாடை சட்டை வாங்கினாள். பொருள் வந்ததும் கையில் பணம் கொடுப்பதாகத்தான் ஆர்டர். வந்தது வேறு நிறம், தோளில் கிழிசல் வேறு. அவளுக்கும் ஆள் வரவில்லை. கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடி, முதலில் வந்த நம்பருக்கு அடித்திருக்கிறாள். எதிரில் பேசியவன் நல்ல தமிழில், தங்கச்சி தங்கச்சி என்று பேசினானாம். பணத்தைக் கணக்கில் போடுகிறேன், நான் அனுப்புகிற ஆப்பை இறக்குங்கள், திரையில் வருகிற நம்பரைச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் அதைப் பார்த்துப் போனைப் பிடுங்கி அணைத்தான். பீடிக்காசு அந்தக் கணக்கில்தான் வருகிறது. அன்றைக்கு அந்தப் பையன் ஐந்து நிமிஷம் பிந்தி வந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

ஒழுங்காக ரிட்டர்ன் எடுத்திருந்தால் மைனி எதற்கு கூகுளில் நம்பர் தேடப் போகிறாள்? ஆப்புக்குள் மனுஷர் கிடைக்காதபோதுதான் ஜனங்கள் வெளியே தேடுகிறார்கள். அந்தத் திருடர்கள் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது இப்படிப் பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அடியுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

கல்யாணத்துக்குப் புடவை வாங்கி, ஒரு நாள் கட்டிவிட்டு டேக்கை மறுபடி மாட்டித் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் உண்டு. அது அயோக்கியத்தனம். அந்த நஷ்டம் கடைசியில் எங்கோ தறி வைத்தும் தையல் மெஷின் வைத்தும் பிழைக்கிற சின்ன வியாபாரி தலையில்தான் விழுகிறது. அவர்களைப் பிடியுங்கள், கணக்கை முடக்குங்கள். அதற்காக ஆறும் எட்டும் ஒரே பெட்டியில் வாங்கினவளைக் கள்ளி மாதிரி மூன்று தடவை போட்டோ கேட்காதீர்கள்.

இந்த ஆத்திரத்தில்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இருக்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. திருப்பி அனுப்புகிற செலவு எவ்வளவு என்பதையும் தெளிவாகக் காட்ட வேண்டும். குறைதீர்க்கும் அதிகாரி என்று ஒருவரை வைத்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே என் செருப்பைத் திரும்ப எடுப்பது அவர்கள் காட்டும் சலுகை இல்லை, என் உரிமை. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது வேறு. அதற்கு ஐரோப்பாவில் 14 நாள் சட்டமே கொடுக்கிறது. நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை, கடைக்காரர் கொடுக்கிற வாக்குதான். அந்த வாக்கைப் பெரிய எழுத்தில் போட்டு வாங்க வைத்துவிட்டு இல்லை என்று சொன்னால் அதுவும் ஏமாற்றுதான்.

1915-க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், அதற்குக் காசு கிடையாது. பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். அந்த மூன்று செய்திகளையும் அழிக்காமல் படம் பிடித்து வைத்திருந்தேன், அதுதான் கைகொடுத்தது. நீங்களும் எதையும் அழிக்காதீர்கள். இதிலும் நடக்காவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. 849 ரூபாய்க்காகவா இவ்வளவு என்று சித்தி மகன் மறுபடியும் கேட்கிறான். ஆமாம், 849 ரூபாய்க்காகத்தான். அம்மாவின் முதியோர் பென்ஷனில் எடுத்த காசு அது.

பெரிதாக நான் ஒன்றும் கேட்கவில்லை. 627 என்று தொடங்குகிற எங்கள் பின்கோடை அடித்ததும், எத்தனை நாளில் கொண்டுவந்து கொடுப்போம் என்று சொல்லத் தெரிகிறது இல்லையா? அதே இடத்தில், இந்த ஊரிலிருந்து திருப்பி எடுக்க எங்களுக்கு ஆள் இல்லை என்றும் எழுதுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதுங்கள். படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

நேற்று அம்மாவை அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப் போய் ஒரு கடையில் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். 950 ரூபாய். கடைக்கார அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, நாலு ஜோடி மாட்டிப் பார்க்கச் சொல்லி, கடைக்குள்ளேயே இரண்டு தடவை நடக்க வைத்தார். "வீட்டுல போட்டுப் பாருங்க, கடிச்சா ரெண்டு நாள்ல கொண்டாங்க, மாத்திக்கிடலாம்" என்றார். பழைய பெட்டி இன்னும் நடையில்தான் கிடக்கிறது. இன்று காலையில் ஒரு செய்தி வந்திருக்கிறது, நாளை எடுக்க ஆள் வருவார் என்று. அம்மா பெட்டியைத் துடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறாள்.