தட்டச்சு செய்தவர் பெயரை வெட்டாதீர்கள்

"இதையெல்லாம் உட்கார்ந்து அடித்துப் போட்டு உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" இணையத்தில் தமிழ் நூல்களை ஏற்றுகிற எல்லோரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். "தமிழ்ப்பற்று" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பற்று ஒருவரை முதல் நாள் உட்கார வைக்கும். நானூறாவது பக்கத்திலும் ‘ர’ எது, துணைக்கால் எது என்று பார்த்துத் திருத்த வைக்க வேறொன்று வேண்டும்.

தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். எல்லாக் கணினியிலும் தமிழை ஒரேபோலக் காட்டும் ஒருங்குறி (யூனிகோடு) பரவாத காலம். ஒருவர் அடித்து அனுப்பியது, அதே எழுத்துரு இல்லாவிட்டால் அடுத்தவர் கணினியில் கிறுக்கலாகத்தான் தெரியும். அப்படியும் பல நாடுகளில் இருந்து அடித்து அனுப்பினார்கள். அந்தக் கோப்புகளைத் திறந்தால், உள்ளீடு செய்தவருக்கும் மெய்ப்புப் பார்த்தவருக்கும், அதாவது பிழை திருத்தியவருக்கும், பெயர் சொல்லி நன்றி இருக்கும். கூடவே ஒரு நிபந்தனை: யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம், இந்தப் பெயர்கள் உள்ள முகப்புப் பக்கத்தை மட்டும் எடுக்கக் கூடாது. அவர்கள் கேட்ட கூலி அவ்வளவுதான்.

இதைப் புகழாசை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயர்களை எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள்? இதில் என் கை பட்டிருக்கிறது என்ற நிறைவு அது.

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான நூல் தளம் விக்கிமூலத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே வருடிய (ஸ்கேன் செய்த) நூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. முகம் தெரியாத ஒருவர் நம் பக்கத்தை வரிவரியாகப் படித்து, நாம் விட்ட ஒற்றெழுத்தைப் போட்டுப் பச்சையாக்கும்போது வருகிற தெம்பு இருக்கிறதே, அது எந்தப் பரிசிலும் வராது. மெய்ப்புப் பார்க்கப் பரிசுப் போட்டி வைத்தால் கூட்டம் வரும், சரி. போட்டி முடிந்த பிறகும் யார் தங்குகிறார்கள்? தங்கள் வேலையை யாரோ ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தவர்கள்தான்.

ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. அது 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாடசாலை மலரைக்கூட விடாமல் அங்கே சேர்த்து வைக்கிறார்கள்.

இப்படி உழைத்தவர்களின் முகப்பை வெட்டிவிட்டு, தங்கள் முத்திரையைப் போட்டு வாட்ஸப்பில் சுற்ற விடுகிறவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம். கொடுத்தவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் பறிக்கிறார்கள். அப்புறம், விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதியவரின் முதல் கட்டுரையை நீக்கத்தான் வேண்டும் என்றால் நீக்குங்கள். ஆனால் எந்தச் சான்று இருந்தால் அது நிற்கும் என்று அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு நீக்குங்கள்.